கண்ணியிலிருந்து கணக்கேட்டுக்கு

அக்டோபர் மாதத்து விடியற்காலை. இரவெல்லாம் கிழக்கிலிருந்து மெல்லிய காற்று வீசியிருக்கிறது. இப்போது கடலின்மேல் மூடுபனி இறங்கியுள்ளது. ஜெர்மனியின் கரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், வட கடலின் நடுவே செந்நிறப் பாறையாக எழுந்து நிற்கிறது ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவு. அதன் மேட்டில் வேலியிட்டு வளர்க்கப்பட்ட புதர்த்தோட்டம் ஒன்றினுள் சிறகுகளின் சலசலப்பு. முந்தைய மாலையில் ஸ்காண்டிநேவியக் காடுகளை விட்டுப் புறப்பட்டு, இரவு முழுதும் கடலைக் கடந்து, களைத்து இறங்கிய பாடும் பறவைகள் அங்கே ஒளிந்து இரை தேடுகின்றன.

தோட்டத்தின் ஒரு முனையிலிருந்து சிலர் மெதுவாக நடந்து வருகிறார்கள். அவர்களைக் கண்டு பறவைகள் முன்னோக்கி நகர்கின்றன. புதர்களின்மேல் கம்பிவலைக் கூரை. அது போகப் போகக் குறுகி, புனல்போல் ஒடுங்கி, இறுதியில் ஒரு சிறு பெட்டியில் முடிகிறது. பெட்டிக்குள் கை நுழைகிறது. பறவை வெளியே எடுக்கப்படுகிறது. அதன் காலில் எண் பொறித்த மெல்லிய உலோக வளையம் பூட்டப்படுகிறது. இறகின் நீளம் அளக்கப்படுகிறது, எடை பார்க்கப்படுகிறது. வயிற்று இறகுகளை வாயால் மெல்ல ஊதி, தோலுக்கடியில் மஞ்சளாகத் தெரியும் கொழுப்பு எவ்வளவு என்று குறிக்கிறார்கள். நெடும்பயணத்துக்கு அதுவே எரிபொருள். பின்னர் கை திறக்கிறது. பறவை பறந்து போகிறது. ஏட்டில் ஒரு வரி கூடுகிறது.

இக்காட்சியில் என்ன வியப்பு என்று வாசகர் கேட்கலாம். வியப்பு அதன் வரலாற்றில் இருக்கிறது. 150 ஆண்டுகளுக்கு முன்னும் இதே தீவில், இதே மாதத்தில், இத்தகைய புதரிலும் வலையிலும் பறவைகள் பிடிபட்டன. அன்று எண்ணியவர்கள் சமையற்கட்டின் தேவைக்காக எண்ணினார்கள். பிடிக்கும் உத்தி மாறவில்லை. பிடித்த கையின் நோக்கம் மாறியது. அந்த மாற்றத்தின் கதையே இக்கட்டுரை.

எங்கே போகின்றன?

பறவைகள் பருவந்தோறும் வந்து போவதை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே கவனித்திருக்கிறான். இறைவாக்கினர் எரேமியா தம் மக்களைக் கடிந்துகொள்ளும்போது, நாரையும் காட்டுப்புறாவும் தகைவிலானும் தத்தம் காலத்தை அறிந்திருப்பதையே எடுத்துக்காட்டினார். தெற்கே குமரித்துறைவரை சென்று மீண்டும் வடக்கே திரும்பும் செங்கால் நாரையைத் தம் வறுமைக்குத் தூதாக அழைத்த நம் சத்திமுற்றப் புலவரும் இந்தப் போக்குவரத்தை அறிந்தவரே.

ஆனால் சிறு பறவைகளின் செய்தி வேறு. நாரை உருவில் பெரியது, பகலில் பறப்பது, அண்ணாந்து பார்த்தால் அதன் திசை தெரியும். கைக்குள் அடங்கும் பாடும் பறவைகளில் பல இரவில் பயணம் செய்கின்றன. இரவில் காற்று குளிர்ந்து அமைதியாக இருக்கும். வல்லூறுகளின் தொல்லை குறைவு. பகல் முழுவதையும் இரை தேடச் செலவிடலாம். எனவே நேற்று மாலைவரை தோட்டத்தில் இருந்த குருவி இன்று காலையில் இல்லை என்பது மட்டுமே மனிதனுக்குத் தெரிந்தது. போன வழி தெரியவில்லை.

தெரியாத இடத்தைக் கற்பனை நிரப்பியது. அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞரே, கோடையில் காணும் ஒரு சிறு பறவை குளிர்காலத்தில் மற்றொரு பறவையாக உருமாறுகிறது என்று எழுதினார். ஒன்று தெற்கே போக, அதே வேளையில் வடக்கிலிருந்து மற்றொன்று வந்து சேர்கிறது என்பதை அவர் அறியவில்லை. சுவீடனின் உப்சாலா உயர்மறைமாவட்டத்துக்குப் பேராயராக நியமிக்கப்பட்டும், சமயப் பிளவினால் நாடு திரும்ப இயலாது உரோமையில் வாழ்ந்த ஒலாவுஸ் மாக்னுஸ், 1555ஆம் ஆண்டில் வட நாட்டு மக்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். தகைவிலான்கள் குளிர்காலத்தில் ஏரியின் அடியில் உறங்குகின்றன என்றும், மீனவர் வலையில் அவை கொத்தாகச் சிக்குகின்றன என்றும் அதில் எழுதியதோடு படமும் சேர்த்தார். இக்கருத்து அடுத்த இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் கற்றோரிடையே உயிரோடு இருந்தது.

1822ஆம் ஆண்டில் வட ஜெர்மனியில் வீழ்த்தப்பட்ட ஒரு செங்கால் நாரையின் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று பாய்ந்திருந்தது. ஈட்டியைச் சுமந்தபடியே அது திரும்பி வந்திருந்தது. இன்றும் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பதப்படுத்தி வைக்கப்பட்டுள்ள அந்த நாரை, தான் சென்ற இடத்தைத் தன் காயத்தாலேயே உலகுக்கு அறிவித்தது. ஆனால் 6 கிராம் எடையுள்ள குருவி எந்த ஈட்டியைச் சுமந்து வர இயலும்? அதன் பயணத்தை அறிய வேறு வழி வேண்டியிருந்தது.

செம்பாறைத் தீவு

ஹெலிகோலாந்தின் முதன்மைத் தீவின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்தான். அருகில் மணல்திட்டாக ஒரு துணைத் தீவு உண்டு. கடலுக்கு மேல் 50 மீட்டருக்கும் உயர்ந்து நிற்கும் செங்குத்தான பாறை. மேலே காற்று ஓயாமல் வீசும் புல்வெளி. மரங்கள் அரிது. 1925ஆம் ஆண்டில் இயற்பியல் அறிஞர் வெர்னர் ஹைசன்பர்க், மகரந்தத்தால் வந்த ஒவ்வாமையிலிருந்து தப்ப இத்தீவை நாடி வந்ததும், இங்கே புதிய குவாண்டம் இயற்பியலுக்கு வித்திட்டதும் பலர் அறிந்த செய்தி. மகரந்தம் தூவ மரமும் செடியும் இல்லாத அதே நிலைதான் பறவைகளின் கதைக்கும் அடிப்படை. கடலின் நடுவே களைத்து வரும் குருவிக்கு ஒதுங்க இடம் தெரிவது இந்தத் தீவு ஒன்றில்தான்; தீவிலோ ஒதுங்கப் புதர்கள் மிகச் சில. எனவே ஒரு புதர் இருந்தால் எல்லாப் பறவைகளும் அதற்குள்தான் நுழையும்.

தீவின் மீனவரும் மாலுமிகளும் இந்த உண்மையை நன்கு அறிந்திருந்தார்கள். மேட்டில் கிளைகளை நெருக்கமாக நட்டு, செயற்கைப் புதர்வரிசை ஒன்றை அமைத்தார்கள். ஒரு பக்கம் வலையால் சரிவாக மூடப்பட்டிருக்கும். காலையில் பூங்குருவிக் கூட்டம் இறங்கி ஒளிந்ததும், மறுபக்கத்திலிருந்து விரட்டுவார்கள். பறவைகள் வலைக்குள் பாயும். ஒரு நல்ல காலையில் நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அவை சூப்பாகவும் வறுவலாகவும் தீவினரின் மேசைக்குச் சென்றன. நிலவில்லாத இரவுகளில் கலங்கரை விளக்கின் ஒளியால் மயங்கி வானம்பாடிகள் வட்டமிடும். கண்ணாடியில் மோதி விழுபவையும் கையால் பிடிபடுபவையும் சில இரவுகளில் ஆயிரக்கணக்காகும்.

இன்று இதைக் கேட்கும்போது நம் மனம் வருந்துகிறது. ஆயினும் அத்தீவினரைக் கொடியவர் என்று எளிதில் தீர்ப்பிட்டுவிடக் கூடாது. விளைநிலம் இல்லாத பாறையில், கடல் கொந்தளிக்கும் பருவத்தில், வானிலிருந்து வந்திறங்கிய உணவு அது. பாலைநிலத்தில் பாளையத்தைச் சுற்றி இறங்கிய காடைகளை இஸ்ரயேலர் சேகரித்ததை நாம் எண்ணிக்கை நூலில் வாசிக்கவில்லையா? அந்தக் காடைகளும் வலசை போகும் பறவைகளே. மேலும், இந்தத் தீவினரைப்போல் பறவைகளை நுட்பமாக அறிந்தவர் அக்காலத்து ஐரோப்பாவில் குறைவு. எந்தக் காற்றில் எந்தப் பறவை வரும், எந்த இனம் முன்னே வரும், எது பின்னே வரும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. பசி அவர்களுக்கு நல்ல ஆசிரியராக இருந்தது.

ஓவியரின் நாட்குறிப்பு

1837ஆம் ஆண்டில், ஹைன்ரிக் கேட்கே என்ற 23 வயது ஜெர்மானிய இளைஞர் கடலை ஓவியமாகத் தீட்டும் ஆசையோடு இத்தீவுக்கு வந்தார். வந்தவர் திரும்பிச் செல்லவில்லை. 1897இல் இறக்கும்வரை ஏறத்தாழ 60 ஆண்டுகளுக்குத் தீவே அவருக்கு இல்லமாயிற்று. 1807வரை டென்மார்க்கிடம் இருந்த ஹெலிகோலாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தது. ஆளுநரின் அலுவலகத்தில் செயலராகக் கேட்கே பணியாற்றினார். ஓவியக் கண், செயலரின் ஒழுங்கு, தீவினரின் வேட்டை அறிவு ஆகிய மூன்றும் அவரிடம் கூடின.

நாள்தோறும் காற்றின் திசையையும் வானிலையையும் குறித்து, அன்று வந்த பறவைகளின் இனத்தையும் அளவையும் எழுதினார். மீனவரும் சிறுவர்களும் அரிய பறவைகளைச் சுட்டும் பிடித்தும் அவரிடம் கொண்டுவந்தார்கள். 400க்குச் சற்றே குறைவான இனங்களை அந்தச் சிறு பாறையில் அவர் பதிவு செய்தார். 1882 அக்டோபர் இறுதியில் ஓர் இரவு, கோல்ட்கிரெஸ்ட் எனப்படும் 6 கிராம் எடைகூட இல்லாத குருவிகள், அடர்ந்த பனிப்பொழிவின் துகள்களைப்போலக் கலங்கரை விளக்கைச் சுற்றிப் பறந்ததையும், மறுநாள் தீவின் தரையெங்கும் அவை நிறைந்திருந்ததையும் அவர் எழுதிவைத்தார். ஐரோப்பாவிலேயே மிகச் சிறிய பறவைகளுள் ஒன்று கடலைக் கடக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1890இல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபார் முதலிய இடங்களில் ஜெர்மனி தன் உரிமையை விட்டுக்கொடுக்க, ஹெலிகோலாந்து அதன் வசமாயிற்று. அடுத்த ஆண்டே, 1891இல், கேட்கேயின் நூல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. 1895இல் ஆங்கிலத்திலும் வந்தது. ஒரே இடத்தில் நின்று ஒரு வாழ்நாள் முழுதும் பார்த்தால் என்ன காணலாம் என்பதை அந்நூல் அறிஞருலகுக்குக் காட்டியது.

கேட்கே கண்டதில் தவறில்லை. கண்டதிலிருந்து ஊகித்ததில்தான் பிழை நேர்ந்தது. நீலத் தொண்டை கொண்ட ஒரு சிறு பறவை வசந்த காலத்தில் எகிப்திலிருந்து புறப்பட்டு ஒரே இரவில் ஹெலிகோலாந்தை அடைகிறது என்று அவர் நம்பினார். இடைவழியில் அதை அதிகம் பேர் கண்டதாகச் செய்தி இல்லாததே காரணம். அப்படியானால் அது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கவேண்டும். பறவைகள் 30,000 அடிக்கும் மேல் உயர்ந்து செல்கின்றன என்றும் கருதினார். இடைவழியில் பார்க்க ஆளில்லை என்பதை, அங்கே பறவையில்லை என்று அவர் கொண்டுவிட்டார். ஓரிடத்தில் எண்ணினால் மட்டும் போதாது. இந்த இடத்தில் கண்ட பறவையும் அந்த இடத்தில் கண்ட பறவையும் ஒன்றுதானா என்று அறியும் வழி வேண்டும். அதாவது, பறவைக்கு ஓர் அடையாளம் வேண்டும்.

காலில் ஒரு வளையம்

அந்த வழியைக் கண்டவர் டென்மார்க்கின் விபோர்க் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் மோர்டென்சன். மைனாவின் உறவினமான ஸ்டார்லிங் பறவைகளின் காலில் அவர் 1890இல் துத்தநாக வளையங்களை இட்டுப் பார்த்தார். எடை மிகுந்து அது பயன்படவில்லை. 1899இல் இலேசான அலுமினியத்தில் வளையங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் தனித்தனி எண்ணும் முகவரியும் பொறித்து, 165 பறவைகளுக்குப் பூட்டிப் பறக்கவிட்டார். எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் அந்த வளையத்தைக் கண்டு எழுதியனுப்பினால் பறவையின் வழி தெரியும். அஞ்சல்துறையை நம்பிய அறிவியல் அது.

பால்டிக் கடற்கரையில் ரோசிட்டன் என்னும் ஊரில் 1901இல் யோஹன்னஸ் தீனெமான் உலகின் முதல் பறவை ஆய்வுநிலையத்தை நிறுவினார். இரண்டு ஆண்டுகளில் அங்கும் வளையமிடும் பணி தொடங்கியது. ஹெலிகோலாந்தில் ஹூகோ வைகோல்டு 1909இல் வளையமிடத் தொடங்க, 1910இல் முறையான ஆய்வுநிலையம் உருவாயிற்று.

வளையமிடுவதற்குப் பறவைகளை உயிரோடும் காயமின்றியும் பிடிக்கவேண்டும். அதற்கான கருவியைத் தேடி அறிஞர்கள் வெகுதூரம் செல்லவில்லை. தீவினர் பூங்குருவி பிடிக்கக் கட்டிவந்த புதர்வலையையே எடுத்துக்கொண்டார்கள். கிளைகளுக்குப் பதில் உயிருள்ள புதர்களை வளர்த்தார்கள். வலையைப் புனல்போல் நீட்டினார்கள். முடிவில் பெட்டியை வைத்தார்கள். இக்கருவி இன்று உலகெங்கும் 'ஹெலிகோலாந்துக் கண்ணி' என்றே வழங்குகிறது. 1933இல் வேல்ஸ் நாட்டுக் கரையை அடுத்த ஸ்கோகம் தீவில் ரொனால்டு லாக்லி பிரிட்டனின் முதல் பறவை ஆய்வுநிலையத்தைத் தொடங்கியபோது, அங்கே எழுந்ததும் இந்தக் கண்ணிதான்.

இதன் பொருளை நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். பழையதை முற்றிலும் அழித்துவிட்டுத்தான் புதியது பிறக்கவேண்டும் என்று நாம் பல வேளைகளில் எண்ணுகிறோம். இங்கே வேட்டைக்காரனின் அறிவு வீணாகவில்லை. காற்றை அறிந்த அவன் கண்ணும், பறவையின் அச்சத்தை அறிந்த அவன் பொறுமையும், கிளையையும் வலையையும் இணைத்த அவன் கைத்திறனும் அப்படியே வேறொரு பணிக்கு வந்து சேர்ந்தன. திறமையை இழக்காமலே மனிதன் திருந்த முடியும் என்பதற்கு இந்தக் கண்ணி ஒரு சான்று.

எண்ணத் தெரியாத காலம்

மனிதன் எப்போதும் நல்ல திசையிலேயே நடந்துவிடுவதில்லை. முதல் உலகப்போரில் தீவு கடற்படைக் கோட்டையாக்கப்பட்டு, மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில், 1945 ஏப்ரல் 18 அன்று, ஏறத்தாழ ஆயிரம் நேசநாட்டு விமானங்கள் அந்த ஒரு சதுர கிலோமீட்டர் பாறையின்மேல் குண்டு பொழிந்தன. ஊர் தரைமட்டமாயிற்று, மக்கள் அனைவரும் தீவைவிட்டு அகற்றப்பட்டார்கள். சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1947 ஏப்ரல் 18 அன்று, பிரிட்டிஷ் கடற்படை அங்கிருந்த சுரங்கங்களையும் அரண்களையும் ஏறத்தாழ 6,700 டன் வெடிபொருளைக் கொண்டு தகர்த்தது. தீவின் வடிவமே மாறியது. அதன் பின்னரும் அத்தீவு விமானக் குண்டுவீச்சுப் பயிற்சிக்கு இலக்காகவே இருந்தது.

1950 டிசம்பரில் ஹைடல்பர்க்கிலிருந்து இரு மாணவர்கள் ஆளற்ற அத்தீவில் துணிந்து இறங்கிக் கொடியேற்றினார்கள். அவர்களுள் ஒருவரான ரெனே லாய்டெஸ்டார்ஃப் இறையியல் மாணவர். அவர்கள் எழுப்பிய குரல் மக்களிடையே பரவியது. 1952 மார்ச் 1 அன்று தீவு ஜெர்மனியிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது. 1953இல் பறவை ஆய்வுநிலையமும் மீண்டும் திறக்கப்பட்டது. குண்டுக்குழிகளிடையே புதர்கள் மறுபடியும் வளர்க்கப்பட்டன. மேட்டில் இடியாமல் எஞ்சியிருந்தது விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்காகக் கட்டிய கோபுரம் ஒன்றே. அதுவே கலங்கரை விளக்காக மாற்றப்பட்டு இன்றளவும் ஒளி வீசுகிறது. வேட்டைவலை ஆய்வுக்கருவியான அதே தீவில், போர்க்கோபுரமும் கப்பலுக்கு வழிகாட்டியாயிற்று.

எண்ணும் கலை

எண்ணுவது எளிய செயல் என்று தோன்றும். அதற்கும் ஒழுக்கம் உண்டு. சுவீடனின் தென்மேற்குக் கோடியான ஃபால்ஸ்டர்போ முனையில் 1973 முதல் ஒரே முறையில் ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அங்கே எண்ணப்படுபவை பகலில் பறக்கும் இனங்கள். நிலம் முடிந்து கடல் தொடங்கும் அந்த முனையில், விடியற்காலையில் ஆய்வாளர் வானத்தை நோக்கி நிற்கிறார். சாஃபிஞ்ச் போன்ற தானியக் குருவிகள் அலையலையாக வருகின்றன. சில நாள்களில் அவற்றின் தொகை ஒரு லட்சத்தையும் தாண்டும். முதலில் பத்துப் பறவைகள் அடங்கும் பரப்பைக் கண் அளந்துகொள்கிறது. பின்னர் அதே அளவைக் கூட்டத்தின்மேல் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறது. உயரத்தில் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் பறவையை அதன் குரலால் இனங்காண்கிறார்கள். பறவை வராத நாளிலும் அதே நேரம் நின்று, வரவில்லை என்று எழுதவேண்டும். அந்த வெற்று வரி இல்லாவிட்டால் நிறைந்த வரிக்கும் பொருளில்லை.

ஹெலிகோலாந்தில் 1960 முதல் கண்ணியை ஒரே ஒழுங்கில் இயக்கிவருகிறார்கள். தந்தையின் கணக்கைப் பிள்ளை தொடர்வதுபோல ஒரு தலைமுறையின் ஏட்டை மறு தலைமுறை தொடர்ந்ததால், எவரும் தேடாத ஒரு சேதி அதிலிருந்து வெளிப்பட்டது. வசந்த காலத்தில் பெரும்பாலான இனங்கள் முன்னைவிடச் சில நாள்கள் முந்தியே தீவைக் கடக்கின்றன என்று 2003இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். பூமி வெப்பமடைவதன் அடையாளம் குருவியின் நாள்காட்டியில் பதிந்திருந்தது. 1960இல் எடை பார்த்தவர் எவரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது. தம் கடமையை அன்றாடம் செய்தார்கள், அவ்வளவே.

கேட்கேயின் கேள்விக்கும் விடை கிடைத்தது. ஹெலிகோலாந்து ஆய்வுநிலையத்தை நெடுங்காலம் வழிநடத்திய ஃப்ரான்ஸ் பைர்லைனும் அவருடைய துணைவரும், வீட்டியர் என்னும் பாடும் பறவையின் முதுகில் ஒளியைப் பதிவுசெய்யும் நுண்கருவியைப் பொருத்தி அதன் வழியை அறிந்தார்கள். 25 கிராம் எடையுள்ள அப்பறவை அலாஸ்காவிலிருந்து புறப்பட்டு, ஆசியாவின் அகலத்தைக் கடந்து, கிழக்கு ஆப்பிரிக்காவை அடைகிறது. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். காலம் ஏறத்தாழ 3 மாதங்கள். இம்முடிவு 2012இல் வெளியாயிற்று. ஒரே இரவில் கண்டம் தாண்டும் மாயப்பறவையைக் கேட்கே கற்பனை செய்தார். உண்மைப் பறவையோ இறங்கி, தின்று, இளைப்பாறி, மீண்டும் எழுந்து, நாள்தோறும் சிறிது சிறிதாக உலகைக் கடக்கிறது. கற்பனையைவிட உண்மையே நம்மை அதிகம் வணங்கவைக்கிறது.

கணக்கு நற்செய்தியை மட்டும் சொல்வதில்லை. 1970 முதல் வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை, அதாவது நான்கில் ஒரு பங்குக்கும் மேல், இழந்துவிட்டது என்று 2019இல் வெளியான ஆய்வு கண்டது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் பறவைகள் சட்டவிரோதமாகக் கொல்லப்படுகின்றன என்று 2015இல் ஒரு மதிப்பீடு கூறியது. ஐரோப்பியக் கூட்டமைப்பு 1979இலேயே காட்டுப்பறவைகளைக் காக்கச் சட்டம் இயற்றியிருந்தும் நிலைமை இதுவே. பழைய மேசை இன்னும் முழுவதும் காலியாகவில்லை.

கோடியக்கரைவரை

இந்தக் கதையின் ஓர் இழை நம் கடற்கரைவரை நீண்டு வருகிறது. பம்பாயில் சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார் சாலிம் அலி. அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்ததைக் கண்டு, அது எந்த இனம் என்று கேட்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அந்தக் கேள்வியே அவர் வாழ்வாயிற்று. 1929ஐ ஒட்டிப் பயிற்சிக்காக ஜெர்மனி சென்றபோது, ஹெலிகோலாந்து ஆய்வுநிலையத்திலும் தங்கி வளையமிடும் முறையைக் கற்றார்.

1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் தாக்கிய புதிய காய்ச்சல் ஒன்று தோன்றியது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளின் வழியே அக்கிருமியைக் கொண்டுவருகின்றனவோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு சாலிம் அலியின் தலைமையில் பெரும் வளையமிடும் பணி தொடங்கியது. பறவைகள்மீது எழுந்த ஐயம் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் அந்தப் பணியால் நம் நாட்டு வலசையைப் பற்றிய அறிவு வளர்ந்தது. அப்பணியின் முக்கியக் களங்களுள் ஒன்று, வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரை. 1967இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இலையுதிர் கால மாதங்களில், நம் ஊர்களில் ஆறுமணிக் குருவி என்றும் தோட்டக்கள்ளன் என்றும் அழைக்கப்படும் வண்ணப்பறவை இலங்கையை நோக்கிச் செல்லும் வழியில் அங்குள்ள காட்டில் இறங்குகிறது. வடக்கே இமயச் சாரலையும் நடு இந்தியக் காடுகளையும் விட்டு வரும் அப்பறவைக்குக் கோடியக்கரை ஒரு ஹெலிகோலாந்து.

இங்கே வலை விரித்தவர் யார்? பீகாரைச் சேர்ந்த மீர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்போரைச் சாலிம் அலியின் கழகம் பணியில் அமர்த்தியது. பறவையைப் பிடித்துச் சந்தையில் விற்று வாழ்ந்த குலத்தினர், இறகு ஒன்றும் கசங்காமல் பறவையைப் பிடித்து, வளையமிடுவோர் கையில் தந்தார்கள். வட கடலின் பாறையில் நடந்தது வங்கக் கடலோரத்திலும் நடந்தது.

சாலிம் அலி 1985இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை வைத்தார். அவர் வீழ்த்திய குருவியை அது நினைவூட்டுகிறது. மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இயேசு பேசும் குருவியையும் அது நமக்கு நினைவூட்டாமல் இராது.

அந்தச் செய்தி இரு நற்செய்திகளில் இரு கணக்கோடு வருவதை வாசகர் கவனித்திருக்கலாம். மத்தேயுவில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து. நான்குக்கு விலை கொடுத்தால் ஐந்தாவது சும்மா கிடைக்கும். சந்தையின் கணக்கில் அந்த ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை, கொசுறு. கடவுளின் நினைவில் அதற்கும் இடமுண்டு என்பதே இயேசுவின் பேச்சு.

கணக்கில் இருவகை உண்டு என்று இதிலிருந்து அறிகிறோம். கூடையில் போட்டு எண்ணும் கணக்கு ஒன்று. அதில் தொகைதான் முக்கியம். ஒரு குருவிக்குப் பதில் மற்றொரு குருவி வந்தால் போதும். காலில் வளையம் பூட்டி எண்ணும் கணக்கு மற்றொன்று. அதில் ஒவ்வொரு பறவைக்கும் தனக்கே உரிய எண் உண்டு. அந்த எண் வேறெந்தப் பறவைக்கும் தரப்படுவதில்லை. வளையமிட்ட சிறு பறவைகளில் நூற்றுக்கு ஒன்றுகூட மீண்டும் செய்தி தருவதில்லை என்று தெரிந்தும், எண் பொறித்தவர்கள் நூற்றுக்கும் பொறித்தார்கள். செய்தி தரப்போவது எது என்று முன்கூட்டி அறிய இயலாதபோது, எதையும் கொசுறாகக் கருத முடியாது.

மக்களையும் நாம் பலவாறு எண்ணுகிறோம்: வாக்காளர் பட்டியலில், குடும்ப அட்டையில், விபத்துச் செய்தியில். அங்கே நாம் பிடிக்கும் ஏடு கூடைக்கணக்கா, வளையக்கணக்கா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஹெலிகோலாந்தின் கண்ணி ஒரு தலைமுறைக்குள்ளாகவே முதற்கணக்கிலிருந்து இரண்டாம் கணக்குக்கு மாறியது. வலை அதுவேதான், பெட்டிக்குள் நுழைந்த கை, கழுத்தைத் திருகுவதை விட்டு, காலில் எண்ணைப் பூட்டிப் பறக்கவிடக் கற்றுக்கொண்டது.